ஃபான்டம் (நிகழ்பட ஆட்டக் கருவி)

ஃபான்டம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தைச் சேர்ந்த இன்ஃபினியம் லேப்ஸ் என்னும் நிறுவனம் 2003 சனவரியில் அறிவித்த ஒரு நிகழ்பட ஆட்டக் கருவி ஆகும். கணினிக்கென உருவாக்கப்பட்ட ஆட்டங்களைத் தொலைக்காட்சித் திரையில் விளையாடவும், அவற்றைக் கடையில் வட்டாக வாங்காமல் இணையம் வழியே சந்தா முறையில் பெறவும் இக்கருவி வழிசெய்யும் எனக் கூறப்பட்டது. வெளியீட்டு நாள் பலமுறை தள்ளிவைக்கப்பட்ட பின், 2006 ஆகஸ்டில் திட்டம் கைவிடப்பட்டது. கருவி ஒருபோதும் விற்பனைக்கு வரவில்லை.

ஆங்கிலத்தில் ஃபான்டம் என்ற சொல் ஆவியுருவையும் மாயத்தோற்றத்தையும் குறிக்கும். நிறுவனமே தேர்ந்தெடுத்த இப்பெயர் பிற்காலத்தில் கேலிக்குரிய பொருத்தமாக அமைந்தது. யாரும் அறியாத ஒரு நிறுவனம் பெரிய வாக்குறுதிகளுடன் புதிய ஆட்டக் கருவியை அறிவிக்கும்போதெல்லாம் ஒப்புமைக்காக எடுத்துக்காட்டப்படும் நிகழ்வாக ஃபான்டம் விளங்குகிறது.

விவரச் சுருக்கம்

- உருவாக்குநர்: இன்ஃபினியம் லேப்ஸ் (2006 முதல் ஃபான்டம் என்டர்டெயின்மென்ட்)
- வகை: கணினி உறுப்புகளைக் கொண்ட வீட்டு ஆட்டக் கருவி
- அறிவிப்பு: சனவரி 2003
- அறிவிக்கப்பட்ட வெளியீட்டு நாட்களுள் ஒன்று: 18 நவம்பர் 2004
- அறிவிக்கப்பட்ட கட்டணம் (2004): மாதம் 29.95 டாலர், இரண்டாண்டு ஒப்பந்தம்
- கைவிடப்பட்டது: ஆகஸ்ட் 2006
- விற்பனையான கருவிகள்: எதுவுமில்லை

பின்னணி

2003 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீட்டு ஆட்டக் கருவிச் சந்தை மூன்று நிறுவனங்களின் கையில் இருந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் 2 கருவி 2000 இலும், நின்டென்டோவின் கேம்கியூப், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஆகியவை 2001 இலும் வெளிவந்திருந்தன. நீண்ட காலம் இத்துறையில் இருந்த சேகா நிறுவனம் ட்ரீம்காஸ்ட் கருவியின் தயாரிப்பை 2001 இல் நிறுத்திவிட்டு, மென்பொருள் மட்டும் வெளியிடும் நிறுவனமாக மாறியது.

இத்துறையின் பொருளியல் தனித்தன்மை உடையது. கருவியை அடக்க விலைக்கும் குறைவாக விற்று, பின்னர் விற்பனையாகும் ஒவ்வோர் ஆட்டத்திலிருந்தும் கிடைக்கும் உரிமத் தொகையால் அவ்விழப்பை ஈடுசெய்வது பல நிறுவனங்களின் வழக்கம். எனவே புதிதாக நுழையும் நிறுவனம் இலாபம் காணும் முன்பே பெருந்தொகையை இழக்க அணியமாக இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்ட் போன்ற வளம் மிக்க நிறுவனமே முதலாம் எக்ஸ்பாக்ஸில் பல நூறு கோடி டாலர் இழந்தது. இத்தகைய களத்தில்தான், அதுவரை எந்தப் பொருளையும் விற்றிராத இன்ஃபினியம் லேப்ஸ் தன் அறிவிப்பை வெளியிட்டது.

அறிவிப்பு

இன்ஃபினியம் லேப்ஸ் நிறுவனத்தை 2002 இல் திமோத்தி ராபர்ட்ஸ் என்பவர் நிறுவினார். 2003 சனவரியில் வெளியான செய்திக்குறிப்பு, ஃபான்டம் ஆட்டத் துறையில் ஒரு புரட்சியாக அமையும் என்றும், அப்போதைய கருவிகளைத் திறனில் விஞ்சும் என்றும் கூறியது. ஏற்கெனவே வெளிவந்த கணினி ஆட்டங்களையும் இனி வரவிருப்பவற்றையும் அதில் விளையாடலாம் என்பது முதன்மையான வாக்குறுதி ஆகும்.

வாக்குறுதிகளின் சாரம் பின்வருமாறு:

- ஆட்டங்கள் வட்டுகளில் அல்லாமல் அகலப்பட்டை இணையம் வழியே கருவிக்கு அனுப்பப்படும்.
- பயனர் மாதச் சந்தா செலுத்துவார். விரும்பும் ஆட்டத்தை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ இயலும்.
- கணினியைப் போல மென்பொருள் நிறுவுதல், இயக்கி மென்பொருள்களைப் புதுப்பித்தல் முதலிய தொல்லைகள் இரா.
- கணினி ஆட்டங்கள் ஏற்கெனவே பெருமளவில் இருப்பதால், முதல் நாளிலேயே பெரிய ஆட்டத் தொகுப்பு கிடைக்கும்.

இக்கட்டத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டவை கணினியில் வரையப்பட்ட உருவப்படங்கள் மட்டுமே. இயங்கும் மாதிரிக் கருவி எதுவும் காட்டப்படவில்லை.

எழுந்த ஐயங்கள்

அறிவிப்பு வெளிவந்தவுடனேயே தொழில்நுட்பச் செய்தித் தளங்களும் ஆட்டப் பயனர்களும் ஐயம் தெரிவித்தனர். ஸ்லாஷ்டாட், ஹார்டுஓசிபி ஆகிய தளங்களும், பென்னி ஆர்க்கேடு என்னும் இணையக் கேலிச்சித்திரத் தொடரும் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. ஐயங்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

தொழில்நுட்பம் சார்ந்தவை

ஒரே வகை வன்பொருளைக் கொண்டிருப்பதுதான் ஆட்டக் கருவியின் வலிமை. ஆட்டத்தை எழுதுவோர் அந்த ஒரு வன்பொருளுக்கு ஏற்பத் தம் நிரலைச் செப்பனிடலாம். கணினி ஆட்டமோ ஆயிரக்கணக்கான வன்பொருள் சேர்க்கைகளில் இயங்குமாறு எழுதப்படுவது. விசைப்பலகையையும் சுட்டியையும் எதிர்பார்ப்பது. மேசைமேல் அருகிலிருந்து பார்க்கும் திரைக்கு ஏற்ற சிறு எழுத்துகளைக் கொண்டது. ஆதலால் இருக்கும் ஆட்டங்கள் அனைத்தும் மாற்றமின்றி வரவேற்பறைத் தொலைக்காட்சியில் நன்கு இயங்கும் என்ற கூற்று எளிதில் நம்பத்தக்கதாக இல்லை.

வரவிருக்கும் ஆட்டங்களும் இயங்கும் என்ற கூற்று மேலும் சிக்கலானது. கணினி வைத்திருப்பவர் புதிய ஆட்டங்களின் தேவைக்கேற்ப வரைகலை அட்டையையோ நினைவகத்தையோ மாற்றிக்கொள்வார். மாற்றவியலாத உறுப்புகளைக் கொண்ட ஒரு பெட்டி சில ஆண்டுகளில் பின்தங்கிவிடும்.

இணைய வேகம் மற்றொரு தடை. அக்காலத்தில் அமெரிக்காவில் வீட்டில் இணையம் பயன்படுத்தியோரில் பெரும்பாலானோர் தொலைபேசி வழி இணைப்பையே கொண்டிருந்தனர். ஒரு குறுவட்டின் கொள்ளளவான 650 மெகாபைட் தரவை நொடிக்கு 56 கிலோபிட் வேகத்தில் இறக்க ஒரு நாளுக்கும் மேல் ஆகும். நொடிக்கு 512 கிலோபிட் தரும் அகலப்பட்டை இணைப்பிலும் ஏறத்தாழ 3 மணி நேரம் தேவை. பல ஆட்டங்கள் அப்போதே ஒன்றுக்கு மேற்பட்ட குறுவட்டுகளில் வெளிவந்துகொண்டிருந்தன.

உரிமம் சார்ந்தவை

ஓர் ஆட்டத்தை இணையம் வழியே வாடகைக்கு விட, அதன் பதிப்புரிமையைக் கொண்ட வெளியீட்டாளரின் இசைவு தேவை. ஆட்டங்கள் ஏற்கெனவே சந்தையில் இருப்பதும், அவற்றை விநியோகிக்கும் உரிமை ஒரு நிறுவனத்திடம் இருப்பதும் வெவ்வேறானவை. அறிவிப்பின்போது எந்தப் பெரிய வெளியீட்டாளருடனான ஒப்பந்தமும் காட்டப்படவில்லை. கடைகளில் வட்டு விற்றுப் பொருளீட்டிவந்த வெளியீட்டாளர்கள், தெரியாத ஒரு நிறுவனத்திடம் தம் ஆட்டங்களை ஒப்படைக்க என்ன காரணம் உள்ளது என்ற வினாவும் எழுந்தது.

நிதி சார்ந்தவை

கருவியை இலவசமாகவோ மலிவாகவோ கொடுத்துவிட்டுச் சந்தாவில் ஈடுகட்டுவதென்றால், தயாரிப்புச் செலவு முழுவதையும் நிறுவனம் முன்கூட்டியே ஏற்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு கருவிக்கு 300 டாலர் அடக்கச் செலவு எனக் கொண்டால், 100,000 வாடிக்கையாளர்களுக்கு மட்டும் 3 கோடி டாலர் முதலில் தேவைப்படும். வழங்கிகள், விளம்பரம், உரிமத் தொகை ஆகியன இதற்கு அப்பாற்பட்டவை. அத்தகைய முதலீடு எங்கிருந்து வரும் என்பதற்கு விடை இல்லை.

நிறுவனம் சார்ந்தவை

நிறுவனத்துக்கு முன்வரலாறு இல்லை. அறிமுகமான வன்பொருள் பொறியாளர்களின் பெயர்களோ, தயாரிப்பை ஏற்கும் தொழிற்சாலையின் பெயரோ முதல் அறிவிப்பில் முன்வைக்கப்படவில்லை. வாக்குறுதியின் அளவுக்கும் காட்டப்பட்ட சான்றின் அளவுக்கும் இடையே இருந்த இடைவெளியே ஐயத்தின் அடிப்படையாக அமைந்தது.

ஹார்டுஓசிபி கட்டுரையும் வழக்கும்

கணினி வன்பொருள்களை ஆய்வு செய்துவந்த ஹார்டுஓசிபி தளம் டெக்சாஸ் மாநிலத்திலிருந்து நடத்தப்பட்டது. கைல் பென்னட் நிறுவிய இத்தளம் 2003 செப்டம்பரில் இன்ஃபினியம் லேப்ஸ் பற்றிய நீண்ட கட்டுரையொன்றை வெளியிட்டது. ஸ்டீவ் லிஞ்ச் எழுதிய அக்கட்டுரை கருவியின் வேகத்தையோ வடிவத்தையோ ஆராயவில்லை. நிறுவனத்தின் நிலையையும், நிறுவனர் ராபர்ட்ஸின் முந்தைய தொழில் முயற்சிகள் என்னவாயின என்பதையும் ஆராய்ந்தது. வன்பொருளைக் காண இயலாத நிலையில் அதனைச் செய்வதாகக் கூறுவோரை ஆராய்வது என்னும் அணுகுமுறையை அது கையாண்டது.

2004 பெப்ரவரியில், கட்டுரை அவதூறானது என்றும் அதை நீக்க வேண்டும் என்றும் இன்ஃபினியம் லேப்ஸ் கோரியது. மறுத்தால் வழக்குத் தொடரப்படும் எனவும் எச்சரித்தது. தளம் கட்டுரையை நீக்கவில்லை. மாறாக, தன் மீது வழக்கு வரும் வரை காத்திராமல் டெக்சாஸில் உள்ள நீதிமன்றத்தை அதுவே முதலில் அணுகி, கட்டுரை சட்டத்துக்கு உட்பட்டது என விளம்புகை செய்யுமாறு கோரியது. இன்ஃபினியம் லேப்ஸ் புளோரிடாவில் தன் வழக்கைத் தொடர்ந்தது.

விளம்புகை வழக்கு என்பது, இழப்பீடு எதுவும் கேளாமல், தரப்பினரின் சட்ட உரிமை இன்னதென அறிவிக்குமாறு மட்டும் நீதிமன்றத்தை வேண்டுவது. எதிர்த்தரப்பு தனக்கு வசதியான இடத்தையும் காலத்தையும் தேர்ந்து வழக்கிடுமுன், அச்சுறுத்தப்பட்டவர் தாமே வினாவை நீதிமன்றத்தின் முன் வைக்க இது உதவுகிறது. அமெரிக்கச் சட்டத்தில் உண்மையான கூற்று அவதூறு ஆகாது. எனினும் உண்மையென நிறுவும் வரை வழக்கறிஞர் செலவைத் தாங்க வேண்டியிருப்பதால், சிறிய வெளியீடுகள் பல அச்சத்தாலேயே கட்டுரையை நீக்கிவிடுவது உண்டு.

இவ்வழக்கு தீர்ப்பு வரை செல்லாமல் உடன்பாட்டில் முடிந்தது. ஹார்டுஓசிபி தரப்பின் சட்டச் செலவுக்காக இன்ஃபினியம் லேப்ஸ் 50,000 டாலர் வழங்கியது. வழக்கினால் கட்டுரை மறையவில்லை. முன்பு அதனைப் படித்திராத பலரும் தேடிப் படித்தனர்.

2004: ஐயம் தளர்ந்த காலம்

2004 இல் நிகழ்ந்த சில மாற்றங்கள் ஐயத்தை ஓரளவு தணித்தன. ஆண்டின் தொடக்கத்தில் கெவின் பேக்கஸ் நிறுவனத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். இவர் மைக்ரோசாஃப்டில் எக்ஸ்பாக்ஸ் கருத்துருவை முதலில் முன்வைத்த சிறு குழுவினருள் ஒருவர். துறையில் மதிக்கப்பட்ட ஒருவர் இணைந்ததால், திட்டத்தில் உண்மை இருக்கக்கூடும் எனப் பலர் கருதத் தொடங்கினர்.

2004 மே மாதத்தில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் நடைபெற்ற ஈ3 கண்காட்சியில் ஃபான்டம் கருவி காட்சிக்கு வைக்கப்பட்டது. இரண்டாண்டுச் சந்தாவுக்கு ஒப்புக்கொள்வோருக்குக் கருவி இலவசம் என்றும், சந்தா மாதம் 29.95 டாலர் என்றும், சந்தா ஒப்பந்தம் இன்றி வாங்குவோருக்குக் கருவியின் விலை 199 டாலர் என்றும் அறிவிக்கப்பட்டது. இதன்படி "இலவச" கருவியைப் பெறுபவர் இரண்டாண்டில் 718.80 டாலர் செலுத்துவார். வெளியீட்டு நாள் 2004 நவம்பர் 18 எனக் குறிக்கப்பட்டது.

அப்போது வெளியான விவரங்களின்படி கருவியின் உறுப்புகள்:

- முறைவழியாக்கி: ஏஎம்டி அத்லான் எக்ஸ்பி 2500+
- வரைகலை: என்விடியா ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் வரிசை
- தாய்ப்பலகைச் சில்லுத்தொகுதி: என்விடியா என்ஃபோர்ஸ் 2
- நினைவகம்: 256 மெகாபைட்
- வன்தட்டு: 40 கிகாபைட்
- இயங்குதளம்: விண்டோஸ் எக்ஸ்பி உட்பொதி பதிப்பு

இவை யாவும் அக்காலக் கடைகளில் கிடைத்த கணினி உறுப்புகளே. இவற்றைக் கொண்டு ஓர் ஆட்டத்தை இயக்கிக் காட்டுவது கடினமன்று. வாக்குறுதியின் உயிர்நாடி இணைய வழி ஆட்டச் சேவை ஆகும். ஈ3 காட்சியில் காணப்பட்டது விண்டோஸில் ஓடும் ஒரு கணினி ஆட்டம் மட்டுமே. சேவை செயற்பட்டுக் காட்டப்படவில்லை. பெட்டி இருக்கிறதா என்ற வினாவுக்கு விடை கிடைத்தது. சேவை இருக்கிறதா என்ற வினா அவ்வாறே நின்றது.

ஒத்திவைப்புகள்

2004 நவம்பர் 18 ஆம் நாள் கருவி வெளிவராமலே கடந்தது. வெளியீடு 2005 ஆம் ஆண்டுக்குத் தள்ளப்பட்டது. அவ்வாண்டில் குறிக்கப்பட்ட நாட்களும் கடந்தன. வெளியீட்டுக்குத் தேவையான நிதி திரட்டப்படாமையே முதன்மைக் காரணமாக இருந்தது. 2005 ஆகஸ்டில் கெவின் பேக்கஸ் முதன்மைச் செயல் அலுவலரானார். சில மாதங்களிலேயே, 2005 நவம்பரில், அவரும் விலகினார்.

வயர்டு செய்தித் தளம் அறிவிக்கப்பட்டும் வெளிவராத பொருட்களுக்கென ஆண்டுதோறும் வெளியிட்ட நகைச்சுவைப் பட்டியலிலும் ஃபான்டம் இடம்பெற்றது. இத்தகைய பொருட்களை ஆங்கிலத்தில் வேப்பர்வேர் என அழைப்பர். 'ஆவியாகிப் போகும் பொருள்' என்ற கருத்தைத் தரும் இச்சொல்லை 1983 இல் எஸ்தர் டைசன் தம் தொழில்துறை மடலில் பயன்படுத்திப் பரவச் செய்தார்.

பங்கு விற்பனையும் ஒழுங்காணையத்தின் நடவடிக்கையும்

இன்ஃபினியம் லேப்ஸ் ஏற்கெனவே பங்கு வணிகத்தில் இருந்த ஒரு சிறு நிறுவனத்துடன் இணைந்து, 2004 தொடக்கத்தில் தானும் பொதுப் பங்கு நிறுவனமாகியது. இது தலைகீழ் இணைப்பு எனப்படும். முறையான முதற்பங்கு வெளியீட்டில் நிகழும் விரிவான ஆய்வைக் கடக்காமலேயே பொதுப் பங்கு நிறுவனமாக இம்முறை வழிசெய்கிறது. இம்முறை சட்டத்துக்கு உட்பட்டதே. ஆனால் இதன் பின் ஐயத்தின் பொருள் மாறுகிறது. அதுவரை ஏமாற்றம் என்பது ஒரு கருவி கிடைக்காமற் போவது மட்டுமே. பங்கு வணிகம் தொடங்கிய பின்னர், அறிவிப்புகளை நம்பிய சிறு முதலீட்டாளரின் சேமிப்பும் இதில் உட்பட்டது.

2006 மே மாதத்தில் ஐக்கிய அமெரிக்கப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணையம் திமோத்தி ராபர்ட்ஸ் மீது குற்றச்சாட்டு முன்வைத்தது. 2004 இன் இறுதியில் நிறுவனத்தின் பங்குகளைப் பற்றி உண்மைக்குப் புறம்பான விளம்பரத் தொலைநகல்கள் பெருமளவில் அனுப்பப்பட்டன என்றும், அதனால் விலை உயர்ந்த வேளையில் ராபர்ட்ஸ் தம் பங்குகளை 422,500 டாலருக்கு விற்றார் என்றும் ஆணையம் கூறியது. பங்கின் விலையைப் பொய்ச் செய்திகளால் ஏற்றிவிட்டு, உயர்ந்த விலையில் விற்று வெளியேறும் முறை 'ஏற்றி விற்றல்' எனப்படும். இதில் கடைசியாக வாங்கியவர்கள் விலை வீழ்ச்சியின் இழப்பைத் தாங்குவர். இக்குற்றச்சாட்டு உடன்பாட்டில் தீர்க்கப்பட்டது. ராபர்ட்ஸ் 30,000 டாலர் தண்டத்தொகை செலுத்தவும், ஐந்து ஆண்டுகளுக்குப் பொதுப் பங்கு நிறுவனங்களில் பொறுப்பு வகிக்காதிருக்கவும் ஒப்புக்கொண்டார்.

நிறுவனத்தின் நிதி அறிக்கைகளின்படி, தொடக்கத்திலிருந்து 2006 வரை ஏற்பட்ட மொத்த இழப்பு 6 கோடியே 27 இலட்சம் டாலர். அதில் கருவியின் உருவாக்கத்துக்குச் செலவிடப்பட்டது ஏறத்தாழ 35 இலட்சம் டாலர் மட்டுமே; அதாவது மொத்தத்தில் பதினெட்டில் ஒரு பங்கு. இழப்பு முழுவதும் ரொக்கமாகச் செலவான தொகை எனக் கொள்ளல் ஆகாது. ஊதியமாகவோ சேவைக் கட்டணமாகவோ வழங்கப்படும் பங்குகளின் மதிப்பும் கணக்கியலில் செலவாகவே எழுதப்படும். எனினும் அறிவிக்கப்பட்ட பொருளுக்கும் நிறுவனத்தின் பிற செலவுகளுக்கும் இடையிலிருந்த விகிதத்தை இவ்வெண்கள் காட்டுகின்றன.

கைவிடப்படல்

2006 ஆகஸ்டில் ஃபான்டம் கருவி நிறுவனத்தின் வலைத்தளத்திலிருந்து நீக்கப்பட்டது. அவ்வாண்டில் நிறுவனத்தின் பெயரும் ஃபான்டம் என்டர்டெயின்மென்ட் என மாற்றப்பட்டது. அதன்பின் நிறுவனம் கருவியுடன் தருவதாக இருந்த துணைப்பொருளான 'லேப்போர்டு' மீது கவனம் செலுத்தியது. மடியில் வைத்துக்கொள்ளத்தக்க இவ்விசைப்பலகையைச் சாய்வாக உயர்த்தலாம். அதன் அடியிலுள்ள தட்டையான பரப்பில் சுட்டியை இயக்கலாம். பலமுறை தாமதமான பின் இது 2008 இல் விற்பனைக்கு வந்தது. முதல் அறிவிப்பிலிருந்து ஐந்து ஆண்டுகள் கழித்து வாங்குவோர் கைக்கு வந்தது ஒரு விசைப்பலகை மட்டுமே.

கருத்துருவின் பிற்கால வெற்றி

ஃபான்டத்தின் அடிப்படைக் கருத்து தவறானது அன்று. வால்வ் நிறுவனம் 2003 செப்டம்பரில் ஸ்டீம் என்னும் இணைய விநியோகச் சேவையைத் தொடங்கியது. 2004 நவம்பரில் வெளிவந்த ஹாஃப்-லைஃப் 2 ஆட்டத்தை விளையாட அச்சேவை கட்டாயமாக்கப்பட்டது. காலப்போக்கில் கணினி ஆட்டங்களை வட்டில் வாங்கும் வழக்கமே அருகியது. மைக்ரோசாஃப்ட் 2017 இல் தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ், மாதக் கட்டணத்தில் பெரிய ஆட்டத் தொகுப்பைத் தரும் சேவை ஆகும்.

வால்வ் புதிய வன்பொருள் எதையும் வாக்களிக்கவில்லை. பயனரிடம் ஏற்கெனவே இருந்த கணினியையே பயன்படுத்தியது. தன் சொந்த ஆட்டங்களில் தொடங்கிப் பின்னரே பிற வெளியீட்டாளர்களை இணைத்தது. ஐயம் கொண்டோர் 2003 இல் மறுத்தது 'இது நடக்க இயலாது' என்ற பொருளில் மட்டும் அன்று. 'இந்நிறுவனம் இவ்வளங்களைக் கொண்டு இக்காலத்துக்குள் இதைச் செய்யும் என்பதற்குச் சான்று இல்லை' என்பதே வலுவான வாதமாக இருந்தது. கருத்துரு பின்னாளில் வென்றது இவ்வாதத்தைப் பொய்ப்பிக்கவில்லை.

ஒத்த நிகழ்வுகள்

- இன்ட்ரெமா எல்600: லினக்சு இயங்குதளத்தை அடிப்படையாகக் கொண்டு 2000 இல் அறிவிக்கப்பட்டது. தேவையான முதலீடு கிடைக்காததால் 2001 இல் நிறுவனம் மூடப்பட்டது. இது ஏமாற்று அன்று. நிதியின்றி நின்ற முயற்சி.
- கிஸ்மோண்டோ: 2005 இல் உண்மையிலேயே விற்பனைக்கு வந்த கையடக்கக் கருவி. விற்பனை மிகக் குறைவாக இருந்தது. 2006 தொடக்கத்தில் நிறுவனம் நொடித்தது.
- கொலிகோ கமீலியன்: 2015 இன் இறுதியில் அறிவிக்கப்பட்டது. 2016 பெப்ரவரியில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் காட்டப்பட்ட மாதிரியின் உள்ளே பழைய சூப்பர் நின்டென்டோ கருவியின் பலகை இருப்பதாகப் பயனர்கள் படங்களைக் கொண்டு சுட்டிக்காட்டினர். அதன்பின் வெளியான மற்றொரு படத்தில் தெரிந்த பலகை, கணினியில் நிகழ்படம் பதிவதற்கான பழைய அட்டை என இனங்காணப்பட்டது. 2016 மார்ச்சில் கொலிகோ பெயரின் உரிமையாளர் விலகிக்கொண்டார், திட்டம் முடிவுற்றது.
- இன்டெலிவிஷன் அமிக்கோ: 2018 இல் அறிவிக்கப்பட்டு, 2020 அக்டோபரில் வெளிவரும் எனக் கூறப்பட்டது, பலமுறை தள்ளிவைக்கப்பட்டது. 2024 இல் இன்டெலிவிஷன் வணிகப்பெயரை அட்டாரி நிறுவனம் வாங்கியது.

ஐயம் பொய்த்த நிகழ்வுகள்

அறியாத நிறுவனத்தின் அறிவிப்புகள் அனைத்தும் வெறுமையானவை அல்ல. ஊயா என்னும் சிறு கருவி 2012 இல் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் 85 இலட்சம் டாலருக்கும் மேல் திரட்டியபோது, அது வெளிவராது எனப் பலர் கருதினர். 2013 இல் அது விற்பனைக்கு வந்தது. சந்தையில் நிலைக்காமல் 2015 இல் ரேசர் நிறுவனத்திடம் சென்றாலும், வாக்களித்த பொருளைக் கொடுத்தது. மென்பொருள் மட்டுமே செய்துவந்த பேனிக் என்னும் சிறு நிறுவனம் 2019 இல் பிளேடேட் என்னும் கையடக்கக் கருவியை அறிவித்து, தாமதத்துக்குப் பின் 2022 இல் வெளியிட்டது. சோனியும் மைக்ரோசாஃப்டும்கூட முதலில் நுழைந்தபோது துறைக்குப் புதியவையே.

ஆகவே புதுமையோ சிறுமையோ தாமதமோ தனித்து ஏமாற்றின் அடையாளம் ஆகா. மேற்கண்ட நிகழ்வுகளை ஒப்பிடும்போது வேறுபாடு பின்வருவனவற்றில் தெரிகிறது:

- இயங்கும் மாதிரி, நிறுவனத்தைச் சாராதவர் கையில் கொடுக்கப்பட்டதா, மூடிய பெட்டியாக மட்டும் காட்டப்பட்டதா என்பது.
- காட்டப்பட்டது வாக்குறுதியின் கடினமான பகுதியா, எளிய பகுதியா என்பது.
- ஆட்ட வெளியீட்டாளர்கள் தாமே ஒப்பந்தத்தை உறுதிசெய்தனரா என்பது.
- வருவாய் பொருளின் விற்பனையிலிருந்து எதிர்பார்க்கப்பட்டதா, பங்கு அல்லது முன்பணத்திலிருந்து எதிர்பார்க்கப்பட்டதா என்பது.
- ஐயவினாக்களுக்குச் சான்று விடையாகக் கிடைத்ததா, வழக்கு அச்சுறுத்தல் கிடைத்ததா என்பது.

ஃபான்டம் நிகழ்வில் இவ்வைந்தும் ஐயம் கொண்டோரின் பக்கமே நின்றன. ஹார்டுஓசிபி தளம் 2019 இல் தன் பணியை நிறுத்தும் வரை, 2003 ஆம் ஆண்டுக் கட்டுரை அதன் மிகவும் அறியப்பட்ட வெளியீடுகளுள் ஒன்றாக இருந்தது.

இவற்றையும் பார்க்க

- வேப்பர்வேர்
- நிகழ்பட ஆட்டக் கருவிகளின் வரலாறு
- ஸ்டீம் (இணைய விநியோகச் சேவை)
- கிஸ்மோண்டோ
- தலைகீழ் இணைப்பு